மொடக்குறிச்சியில் நின்ற 1,033 பேரும் எங்கள் சின்ன மாமாவும்

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் பேச்சு வந்தது. ஒரு பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள்) இப்படி எழுதியிருந்தான்: "சுயேச்சைகளுக்கு டெபாசிட்டை ஒரு லட்சம் ஆக்கோணும் டீச்சர். அப்பத்தான் இந்தக் கூட்டம் ஒழியும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் போடவில்லை. "டீச்சர் ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லத்தான் இந்தப் பதிவு. அந்தப் பையன் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பில் என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தவன், அவனுக்கே தெரியும்.

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஒரு வாக்கு இயந்திரத்தில் 16 பொத்தான்தான். அதனால் ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கரூரில் 54 பேர். இதில் பாதிப் பேரை அந்தந்த ஊர்க்காரர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் பார்த்த கடைசித் தேர்தல் பணிகளில் ஒன்றில் எங்கள் சாவடியில் இரண்டு இயந்திரங்கள். எண்பது வயது இருக்கும், ஒரு பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். விரலில் மை வைத்து அனுப்பினோம். மறைப்புக்குள் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ரண்டு பொட்டி வெச்சிருக்கறீங்களே கண்ணு, எதுல அமுத்தோணும்?"

"உங்களுக்கு வேண்டிய சின்னம் எதுல இருக்குதோ அதுல அமுத்துங்க பாட்டி."

"அது எதுல இருக்குது?"

நாங்கள் என்ன சொல்ல முடியும்? எந்தச் சின்னம் என்று கேட்கவும் கூடாது, காட்டவும் கூடாது. வெகுநேரம் கழித்துப் பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், "எதையோ ஒண்ணை அமுத்திப்போட்டனாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். அன்று எனக்கும் கோபம் வந்தது. இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். ஆகவே அந்தப் பையன் எழுதியது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் எனக்கு மொடக்குறிச்சியும் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வருடத்தோடு அதற்கு முப்பது வருடம்.

1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். அச்சுப்பிழை இல்லை, ஆயிரத்து முப்பத்து மூன்று. இந்தியாவில் வேறு எந்தத் தொகுதியிலும் இத்தனை பேர் நின்றதில்லை. வாக்குச்சீட்டைச் சீட்டாக அடிக்க முடியாமல் புத்தகமாக அடித்தார்கள். வாக்காளர் பக்கம் புரட்டித் தேடித்தான் முத்திரை குத்த வேண்டும். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 158 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை.

அந்த 88 பேரில் ஒருவர் எங்கள் சின்ன மாமா. என் வீட்டுக்காரரின் சித்தப்பா.

அவர் மஞ்சள் போட்டிருந்தார். கொஞ்சம் கரும்பு, இரண்டு எருமை. மேடையில் ஏறிப் பேசத் தெரியாதவர். விசேஷ வீட்டில் மொய் எழுதும் இடத்தில்கூடக் கடைசியில் நின்று கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவர் சட்டசபைக்கு நிற்கிறார் என்று கேட்டதும் எங்கள் குடும்பத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். விவசாயிகள் குறையை எத்தனை தடவை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆயிரம் பேர் நின்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். அப்போது சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாய். மாமா அதைக் கட்டினார்.

முடிவு வந்த பிறகு ஒரு விசேஷத்தில் அவரைப் பார்த்தபோது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாமா, உங்க ஓட்டையாவது உங்களுக்குப் போட்டிருக்கலாமல்ல?"

அவர் கோபப்படவில்லை. "நிக்கறது மனுக் குடுக்கறதுக்கு அம்மிணி. ஓட்டு, ஆட்சிக்கு. ரண்டையும் ஒண்ணாக் கொழப்பிக்கலாமா?" என்றார்.

ஆசிரியர் பயிற்சியில் குடிமையியலும் படித்துவிட்டு வந்தவள் நான். இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நம் பக்கத்து விவசாயிக்கு மனுக் கொடுப்பது புதிதல்ல. 1972இல் மின்கட்டணப் பிரச்சினைக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயமுத்தூருக்குள் போய் ரோட்டை அடைத்து நின்றன. அப்போது நான் சின்னப் பிள்ளை. வண்டி பூட்டிக்கொண்டு போன பெரியவர்கள் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வண்டியைக் கொண்டுபோய் ரோட்டை நிறைத்தவர்களின் வாரிசுகள், இருபத்துநாலு வருடம் கழித்துப் பேரைக் கொண்டுபோய் வாக்குச்சீட்டை நிறைத்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. அதே 1996இல் ஆந்திராவில் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன ஊர்கள் அவை. நல்ல தண்ணீர் கேட்டுத்தான் நின்றார்கள்.

இதற்கெல்லாம் அரசாங்கம் என்ன பதில் சொன்னது? அதே வருடம் சட்டத்தைத் திருத்தியது. சட்டசபை டெபாசிட் 250லிருந்து 5,000 ஆனது. நாடாளுமன்றத்துக்கு 500லிருந்து 10,000. இப்போது 10,000, 25,000. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றும் மாற்றினார்கள்.

ஆயிரம் பேர் ஏன் வந்தார்கள் என்பதைவிட, இனி எப்படி வராமல் செய்வது என்பதில்தான் டெல்லிக்கு அக்கறை என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கை தூக்கினால் கையைக் கட்டச் சொல்வது ஒரு வழி. என்ன வேண்டும் என்று ஒருத்தனையாவது கேட்பது இன்னொரு வழி. (முதல் வழியை நானும் பல நாள் செய்திருக்கிறேன். நாற்பது பேரை வைத்து மேய்த்தவர்களுக்குத் தெரியும்.)

சரி, கட்டணத்தை ஏற்றினார்களே, கூட்டம் ஒழிந்ததா? ஈரோடு கிழக்கில் 77, கரூரில் 54 என்று மேலேயே சொன்னேன். சின்ன மாமா மாதிரி ஆட்கள்தான் குறைந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நம் ஊர் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பெரிய கட்சிக்காரர்கள் தாங்களே சில சுயேச்சைகளை நிறுத்துவது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சாவடியில் ஒரு ஏஜென்ட், ஓட்டு எண்ணும் இடத்தில் ஆள், வண்டிக்கு அனுமதி. டம்மி பேரில் வாங்கி நிஜத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, பேர் குழப்பம். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே தொகுதியில் வேறு சில ஓ.பன்னீர்செல்வங்களும் எங்கிருந்தோ முளைத்து நின்றார்கள். வாக்குச்சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் வருவார்கள். அந்தந்தப் பிரிவுக்குள் அகர வரிசை. ஒரே பெயர்க்காரர்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்பார்கள். இப்போது போட்டோ போடுகிறார்கள், நல்லதுதான். எங்கள் சாவடிப் பாட்டியின் கண்ணுக்கு அந்தப் போட்டோ எவ்வளவு தெரிந்திருக்கும்?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இருபது டம்மியை நிறுத்த இன்றைக்கு இரண்டு லட்சம். டெபாசிட் ஒரு லட்சம் ஆனால் இருபது லட்சம். ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம் என்று சட்டம் அனுமதிப்பதே 40 லட்சம். நிஜத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இருபது லட்சம் அவர்களுக்கு ஒரு வாரத்துப் பிரியாணிச் செலவு. மஞ்சள் போட்டவனுக்கு ஒரு லட்சம் என்பது வருடத்து வெள்ளாமை. தம்பி, நீ கேட்கிற பூட்டு யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்று நீயே போட்டுப் பார்.

கூட்டமாக நின்றதால் பலன் கிடைத்த கதையும் உண்டு. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத். நம் ஈரோடு மாதிரியே மஞ்சள் ஊர். மஞ்சள் வாரியம் வேண்டும், கட்டுப்படியாகிற விலை வேண்டும் என்று கேட்டு, தலைக்கு 25,000 ரூபாய் கட்டி, விவசாயிகள் நூற்றுக்கும் மேல் நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். சாவடிக்குப் பன்னிரண்டு இயந்திரங்கள். அப்போதைய முதலமைச்சர் மகள் கவிதா அங்கே எம்.பி.யாக இருந்தார், தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பா.ஜ.க.வின் அரவிந்த் ஜெயித்தார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அதே நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. விவசாயிகள் நின்றது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஊர் பேர் இந்தியா முழுக்கத் தெரிந்திருக்குமா?

இன்னொரு குறையும் குழுவில் வந்தது. நிறையப் பேர் நின்றால் ஓட்டுப் பிரிந்து, பாதிப் பேருக்குமேல் வேண்டாம் என்கிற ஆளே ஜெயித்துவிடுவான் என்று. இது நிஜமான குறை. இதை நான் படித்தது என் வகுப்பறையில்தான். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், நம் வகுப்பில் லீடரை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்போம். ஒரு வருடம் 38 பிள்ளைகளில் 11 பேர் நின்றுவிட்டார்கள். ஜெயித்தவனுக்கு ஆறு ஓட்டு. ஆறு! மறுநாள் அவன் "பேசாதே" என்று கரும்பலகையில் பேர் எழுதினால், "நாங்க உனக்கு ஓட்டே போடலையே" என்று 32 பேரும் பேசினார்கள். நான் என்ன செய்தேன்? நிற்கிறவர்களைக் குறைக்கவில்லை. "உனக்குப் பிடித்தவர் வராவிட்டால் அடுத்து யார் பரவாயில்லை என்று இரண்டாவது பேரும் எழுது" என்றேன். முந்தின நாள் மூன்றாவதாக வந்த ஒரு அமைதியான பெண் பிள்ளை ஜெயித்தாள். அதற்கப்புறம் வகுப்பு அடங்கியது. ஓரளவுக்கு.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1, 2, 3 என்று மூன்று பேர் வரைக்கும் வரிசைப்படுத்தலாம். 2024 செப்டம்பரில் அங்கே 38 பேர் களத்தில் இருந்தார்கள். அநுர குமார திசாநாயக்க 42 சதவீதம் வாங்கி முதலில் வந்தார். பாதி இல்லை. அதனால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுடைய ஓட்டுச்சீட்டில் இருந்த அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். அந்த நாட்டில் அப்படி எண்ண நேர்ந்தது அதுதான் முதல் தடவை. முடிவு மாறவில்லை, அநுரதான் ஜனாதிபதி. என்றாலும் 38 பேர் நின்றதால் யார் ஓட்டும் வீணானதாக யாரும் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் இருக்கிற நம் மாணவிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊர்க் கதையும் வருகிறது. அங்கே கட்சிக்குள்ளேயே, ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் பேர் சொல்லும்படியானவர்களே 17 பேர் இறங்கினார்கள். ஒரே மேடையில் நிறுத்த முடியாமல், முதல் விவாதத்தில் பத்துப் பேரை நல்ல நேரத்திலும் மீதி ஏழு பேரை முன்னதாகவும் பேச விட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப் வாங்கியது நூற்றுக்கு 35. மீதி 65ஐ மற்றவர்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். என் வகுப்பு லீடர் கதையேதான். கடைசியில் கட்சி அவருக்குத்தான் போனது.

ஆனால் அடுத்த தடவை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயும் இருபது பேருக்கு மேல். விவாத மேடை ஏற ஒரு நிபந்தனை வைத்தார்கள். கருத்துக்கணிப்பில் குறைந்தபட்ச ஆதரவு இருக்க வேண்டும், இல்லையென்றால் 65,000 தனி மனிதர்கள் நன்கொடை கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு பணம் என்பது கேள்வி இல்லை, எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஒரு டாலராவது கொடுங்கள் என்று வேட்பாளர்கள் கெஞ்சிக்கொண்டு திரிந்தார்கள்.

நம் ஊரில் கட்சிக்குள் இந்தக் கூட்டம் இல்லையா என்ன? இருக்கிறது, நம் கண்ணில் படாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுக்கிறார்கள், நேர்காணலுக்குப் போகிறார்கள், அப்புறம் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். உள்ளே நடந்தது அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். கூட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பணத்தால் குறைக்காதீர்கள், தலையை எண்ணிக் குறையுங்கள். சுயேச்சையாக நிற்க இப்போது பத்து வாக்காளர்கள் முன்மொழிந்தால் போதும். அதை முந்நூறு ஆக்கட்டும். முந்நூறு பேரும் அந்தத் தொகுதிக்காரர்களாக இருக்கட்டும், ஒருத்தர் ஒரு வேட்பாளருக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது. டெபாசிட்டைப் பழையபடி ஏழைக்கு எட்டுகிற அளவுக்கு இறக்கட்டும். இதற்கும் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்களே என்பீர்கள். வாங்குவார்கள். ஆனால் முந்நூறு வீட்டு வாசலில் போய் நின்று ஒரு டம்மிக்காகக் கேட்கிறபோது ஊருக்குத் தெரிந்துபோகும். நிஜமான குறை உள்ளவனுக்கு முந்நூறு கையெழுத்து ஒரு சந்தை நாள் வேலை. கையெழுத்துகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்பதும் உண்மை. வழக்கம்போல ஆசிரியர்களைப் போடுவார்கள், வேறு யார் இருக்கிறார்கள்?

மொடக்குறிச்சியில் 2021 தேர்தலில் என்ன ஆனது தெரியுமா? அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி நின்றார். பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். 1,033 பேர் நின்றபோது எளிதாக ஜெயித்த அதே ஊரில் 281. இருநூறு ஓட்டு, முந்நூறு ஓட்டு வாங்குகிற ஆளை இனிமேல் யாராவது 'உதிரி' என்று சொன்னால் இந்த எண்ணை அவர்களுக்கு எழுதிக் காட்டுங்கள்.

நம் தொண்டாமுத்தூருக்கே வருகிறேன். மலையடிவாரத்தில் வாழை போட்டவர்கள், பாக்கு வைத்தவர்கள் எத்தனை ராத்திரி தூங்காமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யானையைக் குறை சொல்ல மாட்டேன், அதற்கும் போக்கிடம் இல்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்து, ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர்களை நான் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறேன். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. நாளைக்கே அவர்கள் நூறு பேர் சேர்ந்து நிற்கலாம் என்று நினைத்தால், இன்றைய கணக்கில் பத்து லட்சம் ரூபாய் வேண்டும். தம்பி சொல்கிற கணக்கில் ஒரு கோடி. நிற்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிற்க முடியாது என்று ஆக்கிவிட்டு, கூட்டம் ஒழிந்தது என்று சந்தோஷப்படாதீர்கள் என்கிறேன்.

சின்ன மாமா போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. அந்த 250 ரூபாய் ரசீதை மஞ்சள் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார், இப்போதும் அங்கேயே இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் சின்ன அத்தைக்குப் போன் போட்டேன். முப்பது வருடமாகக் கேட்க நினைத்து விட்ட கேள்வியைக் கேட்டேன்.

"ஏனுங்த்தை, அன்னைக்கு நீங்களாவது மாமாவுக்குப் போட்டிருக்கலாமல்ல?"

"போடலாம்னுதான் போனேன் கண்ணு. அந்தப் பொஸ்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், உங்க மாமனைக் காணோம். பின்னாடி நிக்கறவிய சத்தம் போட்டாங்க. அப்பறம் அவருகிட்ட வேற மாதிரி சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு, "சோறு தின்னாச்சா?" என்றார்.